சர்ச்சிலிருந்து இருநூறு மீட்டர் கிழக்கே

அத்தியாயம் ஆறு

"இது வீடாப் பிறந்த வீடே இல்ல" என்றார் தோன்யா ஆனியா.

சுலாய் சோலானோவின் வாசலில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார். சுலாய் உள்ளே எங்களுக்காகக் காப்பி வடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா சொல்லுங்க. வீடு மனசு கஷ்டப்படும்" என்றேன்.

"கதவு அகலத்தைப் பாரு, ஓல்மான். மனுஷன் நுழைய இவ்வளவு எதுக்கு? கீழ அந்தப் படிக்கல்லைப் பாரு."

பார்த்தேன். கல்லின் இரண்டு பக்கமும் உள்ளங்கை ஆழத்துக்குத் தேய்ந்திருந்தது. சக்கரம் ஏறி இறங்கிய தேய்மானம்.

"மாட்டு வண்டிக் கொட்டகை" என்றார். "பின்னாடி யாரோ நடுவுல சுவர் வச்சு வீடாக்கியிருக்காங்க. ரெண்டு சன்னல். சிமென்ட் தரை. பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? அஞ்சு சன்னல், மரத்தளம்."

"அப்ப காலேஜ் முதல்வர் சொல்றதுதான் சரியா?"

அதற்குள் சுலாய் காப்பியோடு வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். சான் எலியாஸ் கல்லூரியின் கிழக்கு வேலிக்குள் சிக்கிக்கொண்ட வீடு அது. கல்லூரி முழுவதுமே ஒருகாலத்தில் மொந்தேரோ குடும்பத்தின் காப்பித் தோட்டம். 1941-இல் அந்தக் குடும்பம் தோட்டத்தைக் கட்டடங்களோடு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டது. காப்பி உலர்த்திய களம் இப்போது கூடைப்பந்து மைதானம். காப்பிப் பழம் அரைத்த ஆலை நூலகம். சுலாயின் வீடு இருக்கும் இடத்தில் கார் நிறுத்தம் வரவேண்டும் என்று கல்லூரி முடிவு செய்திருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இடிக்கும் இயந்திரம் வரும்.

சுலாயிடம் இருந்தது ஒரே ஒரு காகிதம். 1906-இல் முதலாளி மொந்தேரோ தன் தோட்டத்து மேஸ்திரி நிக்கோலாஸ் சோலானோவுக்கு ஒரு வீட்டைத் தானமாக எழுதிக்கொடுத்த பத்திரம். நிக்கோலாஸ் சுலாயின் தாத்தா. பத்திரம் அசல் என்று தோன்யா ஆனியா முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார். ஊரே மரியாதையாகத் 'தோன்யா' போட்டுக் கூப்பிடும் அவர், இருபத்தாறு வருடம் நிலப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுந்தவர். தாளை முகர்ந்தே வருடம் சொல்லுவார். ஆனால் பத்திரத்தில் வீட்டின் முகவரி எங்கள் ஊர் வழக்கப்படிதான் இருந்தது: சர்ச்சிலிருந்து இருநூறு மீட்டர் கிழக்கே, ஐம்பது மீட்டர் வடக்கே.

கல்லூரிப் பொறியாளர் ஃபாபியோ சர்ச் வாசலில் நாடாவை வைத்து அளந்திருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நாடா போய் முடிந்த இடம் கூடைப்பந்து மைதானத்தின் நடுவட்டம். அங்கே எந்தக் காலத்திலும் வீடு இருந்ததில்லை.

"ஆக, இந்தப் பத்திரம் இல்லவே இல்லாத ஒரு வீட்டுக்கானது" என்றார் கல்லூரி வக்கீல். அதை எழுத்தில் நிரூபித்துத் தரும்படி கேட்டு எங்களை அமர்த்தியவர் கல்லூரி முதல்வர் தோன் ரமீரோ கெசாதா. ஆமாம், நாங்கள் சுலாயின் ஆட்கள் இல்லை. அதைச் சுலாயிடம் முதலிலேயே சொல்லியும் காப்பி வடித்தாள்.

"இருக்கறதை இருக்கிறபடிதான் எழுதுவேன்" என்று தோன்யா ஆனியா முதல்வரிடம் சொல்லியிருந்தார். இதையே இப்போது சுலாயிடமும் சொன்னார்.

"எழுதுங்க. எனக்கு வீடு போறது பெரிசில்ல" என்றாள் சுலாய். "அவருக்குத்தான்."

அவர் என்றது அவள் கணவர் எலாதியோவை. சர்க்கரை நோயில் பார்வை போய்ப் பத்து வருடம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் கட்டிலிலிருந்து எழுந்து, தடியில்லாமல், கை நீட்டாமல் நேராக நடந்து பின்கட்டுக் குழாயில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினார். வழியில் இருந்த நாற்காலியைத் தொடாமலே சுற்றினார்.

"இங்க அவரு கண்ணு தெரிஞ்ச மனுஷன்" என்றாள் சுலாய். "போன வருஷம் எரேதியாவுல என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்கல. சாப்பாடும் இறங்கல. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா ஆளே இல்ல. பூசாத சுவரா இருந்தாலும் இது அவரு தடவிப் பழகின சுவரு."

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதுவும் உறைக்கவில்லை.

என்னைப் பற்றி இந்த இடத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். நான் டாக்ஸி ஓட்டி. தோன்யாவுக்கு வண்டியும் நான், வாயும் நான். அந்த வருடம் ஜூனில் லிமோன் சாலையில் ஒரு பஸ் பள்ளத்தில் உருண்டது. ஏறியது நானும் என் மனைவி நிதியாவும். இறங்கியது நான். அதன்பின் நான்கு மாதமாக வாய் மட்டும் தன்பாட்டுக்கு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தது, விக்கல் மாதிரி. தோன்யா அதை நிறுத்தச் சொல்லவில்லை.

*

அன்று வியாழக்கிழமை. முதல்வர் இருப்பது வளாகத்தின் நடுவில் உள்ள மஞ்சள் வீடு. மரத்தால் கட்டியது. 'நிறுவனர் மொந்தேரோ குடும்ப இல்லம்' என்று வாசலில் பித்தளைத் தகடு. கீழே அவர் அலுவலகம், பின்பக்கம் அவர் குடியிருப்பு. எல்லாம் சேர்த்துப் பதினோரு அறை.

"அறிக்கை தயாரா?" என்றார்.

"நாளைக்கு" என்றார் தோன்யா. "ஒரு சந்தேகம், தோன் ரமீரோ. உங்க வாசல் ஏன் தெருவைப் பாக்காம வேதியியல் துறையோட கழிப்பறையைப் பாக்குது?"

முதல்வர் சிரிக்க முயன்றார். "அதை நான் முப்பது வருஷமாக் கேட்டுட்டிருக்கேன். அந்தக் காலத்துக் கொத்தனார் குடிச்சிருந்திருப்பான்."

"தச்சன்" என்றேன். "மர வீடு. குடிச்சது தச்சனாத்தான் இருக்கும்."

"உங்க ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம், தோன்யா."

"அளந்து பாத்தீங்களா? ஃபாபியோகிட்ட நாடா இருக்கு" என்றேன்.

தோன்யா என் காலை மிதித்தார். வெளியே வந்ததும் வாசல் படியில் நின்று எதிரே தூரத்தில் தெரிந்த கழிப்பறைச் சுவரையே வெகுநேரம் பார்த்தார்.

"அவசரம்னா போய்ட்டு வாங்க. நான் காத்திருக்கேன்."

"ஓல்மான், எனக்கு ஒரு தபால்தலை வாங்கிக் கொடு."

"கடுதாசி யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. முகவரிக்கு."

தபால் நிலையத்துச் சாய்மேசையில் நின்று, பத்திரத்தில் இருந்த முகவரியை அப்படியே உறையில் எழுதினார். பெயர் எழுதவில்லை. உள்ளே வெள்ளைத் தாள். எச்சில் தொட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டார்.

"நம்ம ஊர்ல ஒரு முகவரி எங்க இருக்குன்னு பொறியாளருக்கு என்ன தெரியும்? அதுவும் வெளிநாட்டுல படிச்சவருக்கு?" என்றார். "இங்க நூறு மீட்டர்னா ஒரு முக்குல இருந்து அடுத்த முக்கு. அது எண்பதா இருந்தாலும் நூறுதான், நூத்திமுப்பதா இருந்தாலும் நூறுதான். அந்தப் பையன் நாடாவைப் பிடிச்சு நிஜமா இருநூறு மீட்டர் அளந்திருக்கான்."

"படிப்பு மனுஷனை எவ்வளவு கெடுக்குது பாருங்க."

"முகவரியை நடக்கத் தெரிஞ்ச ஆளு ஊர்ல ஒருத்தர்தான். நாளைக்கு அவரு பின்னாடி போறோம்."

*

தோன் பெலர்மீனோ அறுபதைத் தாண்டியவர். தபால் பையை 1938-இல் தன் அப்பாவின் தோளிலிருந்து நேராகத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டவர். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவர் கிளம்பினார். நான் டாக்ஸியை முதல் கியரில் உருட்டினேன். தோன்யா பின்சீட்டில் பாலாடைக்கட்டி அடைத்துப் பொரித்த எம்பனாதா தின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது முக்கில் பெலர்மீனோ திரும்பி வந்து என் சன்னலைத் தட்டினார்.

"ஏன்பா, சவ ஊர்வலம் மாதிரி பின்னாடியே வர்றீங்க?"

"எனக்கு அந்த வேகம் பழகிடுச்சு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிறிய ஊர். அவருக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். வேறொன்றும் கேட்காமல் நடந்தார்.

சர்ச் வந்தது. இரண்டு கோபுரம், சிமென்ட் தேவதைகள், வாசலில் லாட்டரிச் சீட்டு விற்பவர். ஃபாபியோ நாடாவை ஊன்றிய இடம். பெலர்மீனோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார்.

"தாண்டிட்டாரு!" என்றேன்.

"தாண்டுவாரு" என்றார் தோன்யா. எம்பனாதாவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அவர் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பெலர்மீனோ கல்லூரி வாயிலில் நுழைந்தார். வண்டியை விட்டுவிட்டு நாங்களும் நடந்தோம். வேதியியல் துறைக்குப் போய்க் கட்டடத்தின் மூலையில் நின்றார். பையிலிருந்து எங்கள் உறையை எடுத்து ஒருமுறை படித்தார். பிறகு கிழக்கே திரும்பினார்.

"தோன் பெலர்மீனோ, ஏன் இங்கேருந்து ஆரம்பிக்கறீங்க?" என்று தோன்யா கூப்பிட்டுக் கேட்டார்.

"சர்ச்சிலிருந்துன்னுதானே போட்டிருக்கு?"

"சர்ச்சு அங்க இருக்கே."

"அது புதுச் சர்ச்." ஏதோ நேற்று கட்டியதைப் போலச் சொன்னார். அது எழும்பி அறுபத்தாறு வருடம். "புதுச் சர்ச்சிலிருந்துன்னா அப்படி எழுதணும். சும்மா சர்ச்னு எழுதினா அது இதுதான்." கழிப்பறைச் சுவரைக் கையால் தட்டினார். "தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷ நிலநடுக்கத்துல விழுந்துடுச்சு. அதுக்காக இடத்தை மாத்த முடியுமா?"

நான் அந்த ஊரில் பிறந்தவன். விழுந்துபோன அத்திமரத்தையும், எரிந்துபோன மளிகைக் கடையையும் வைத்து வழி சொல்லியே டாக்ஸி ஓட்டியவன். எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அவர் நடந்தார். மழைமரங்களுக்கு நடுவே முதல் முக்கு. நூறு. நூலகத்தைத் தாண்டி இரண்டாவது முக்கு. இருநூறு. இடப்பக்கம், வடக்கே திரும்பினார். சுலாயின் வீடு இன்னும் தொலைவில், வேலியோரத்தில் தெரிந்தது. அங்கேதான் போகப் போகிறார் என்று எண்ணி நான் வேகம் கூட்டினேன்.

பெலர்மீனோ பாதி வழியில் நின்றார். நான்கு மரப்படி ஏறினார். பித்தளைத் தகட்டுக்குக் கீழே இருந்த பெட்டியில் எங்கள் கடிதத்தைப் போட்டார்.

முதல்வரின் மஞ்சள் வீடு.

தோன்யா வாசல் கதவுக்கு இருபுறமும் எண்ணினார். "இந்தப் பக்கம் ரெண்டு. அந்தப் பக்கம் மூணு. அஞ்சு சன்னல்." காலால் தரையைத் தட்டினார். மரம். "தச்சன் குடிக்கல, ஓல்மான். வாசலைச் சர்ச்சைப் பாத்துத்தான் வச்சிருக்கான்."

"அப்ப மேஸ்திரி வீட்டுல முதலாளி எப்படி வந்து உட்கார்ந்தாரு?"

பெலர்மீனோ பையைத் தோளில் சரிசெய்தார். "பேரில்லாததால இங்க போட்டேன். சோலானோன்னு பேரு இருந்திருந்தா கொட்டகைக்குக் கொண்டுபோயிருப்பேன். அப்படித்தான் உத்தரவு."

"யாரோட உத்தரவு?" என்றார் தோன்யா. குரல் இறங்கியிருந்தது.

"எங்கப்பா காலத்துது. தபால் பிரிக்கிற மாடத்துல ஒட்டியிருக்கு. யாரும் ரத்து பண்ணல, நானும் எடுக்கல."

*

பதினொரு மணிக்கு முதல்வரின் அறையில் ஐந்து பேர் இருந்தோம். முதல்வர், வக்கீல், தோன்யா, நான், சுலாய். சுலாய் தேவாலயத்துக்குப் போகும் உடுப்பில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்னது சரி, தோன் ரமீரோ" என்று தொடங்கினார் தோன்யா. "சுலாய் குடியிருக்கிற வீடு பத்திரத்துல உள்ள வீடு இல்ல. எழுதியே தர்றேன்."

வக்கீல் பேனாவின் மூடியைத் திறந்தார். சுலாய் தலையைக் குனிந்தாள். அழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள்.

"நன்றி, தோன்யா" என்றார் முதல்வர். நிஜமாகவே அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. "வருத்தம்தான். ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு. பத்திரத்துல உள்ள வீடு இதுதான்."

வக்கீல் பேனாவை மூடினார்.

"எது?" என்றார் வக்கீல்.

"இப்ப நீங்க கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கிற இது" என்றேன் நான்.

தோன்யா மாடத்திலிருந்து பெயர்த்து வந்த அட்டையை மேசைமேல் வைத்தார். பழுப்பேறி ஓரம் செல்லரித்திருந்தது. வக்கீலே வாசித்தார்.

"'தபால்காரருக்கு. நிலநடுக்கத்தில் எங்கள் மண்வீடு விழுந்துவிட்டது. மேஸ்திரி நிக்கோலாஸ் சோலானோ தம்முடைய மர வீட்டைச் சில நாட்களுக்கு எங்களுக்கு அன்போடு விட்டுக்கொடுத்திருக்கிறார். எங்கள் வீடு எழும்பும்வரை அவருடைய கடிதங்களை வண்டிக் கொட்டகையில் கொடுக்கவும். ரஃபேல் மொந்தேரோ. மே 20, 1910.'"

பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தார் தோன்யா. இரண்டிலும் ஒரே கையெழுத்து, அடியில் ஒரே சுழி.

"அவங்க வீடு எழும்பவே இல்ல. இந்த வீட்டுக்குப் பின்னாடி அறை அறையாச் சேத்துக்கிட்டாங்க. அப்புறம் எல்லாத்தையும் சேத்து உங்களுக்குக் கொடுத்துட்டாங்க. தன்னோடது இல்லாததையும் சேத்து."

"அறுபத்தொன்பது வருஷமாக் குடியிருந்து வந்த அனுபவ பாத்தியதை" என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"வாதாடலாம். கோர்ட்ல அஞ்சு வருஷம் ஆகும். அஞ்சு வருஷமும் இந்த அட்டை பத்திரிகையில வரும்."

முதல்வர் எழுந்து சன்னலருகே போனார். எதிரே, தூரத்தில், கழிப்பறைச் சுவர். திரும்பாமலே கேட்டார். "உங்களை அமர்த்தினது நான்தானே, தோன்யா?"

"நீங்கதான். கேட்டதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டேன்."

முதல்வர் திரும்பி வந்து வக்கீலிடம் ஏதோ சொன்னார். வக்கீல் முத்திரைத் தாளை எடுத்தார். வண்டிக் கொட்டகையும் அதைச் சுற்றிய நிலமும் சுலாய்க்கு. மஞ்சள் வீட்டின்மேல் சுலாய் உரிமை கோரமாட்டாள். இருவரும் கையொப்பமிட்டால் முடிந்தது.

"சுலாய், நிதானமா யோசி" என்றார் தோன்யா. "இது பெரிய வீடு. பதினோரு அறை. கேட்டா இன்னும் நிறையக் கிடைக்கும். நான் நிக்கிறேன் உனக்கு."

சுலாய் முதல்முறையாக அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேற்கூரை, அலமாரி, உள்ளே போகும் நடை, அதற்குள் கதவுகள்.

"பதினோரு அறை" என்றாள். "இதுல அவரு என்னை எங்கன்னு தேடுவாரு, தோன்யா?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். முதல்வர் போடும்போது மசி வரவில்லை. இரண்டு முறை உதறினார். பிறகு தொலைபேசியை எடுத்துத் திங்கட்கிழமை இயந்திரம் வேண்டாம் என்று சொன்னார்.

எனக்கு ஒரு வேடிக்கை வந்திருக்க வேண்டிய இடம் அது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

*

சுலாயை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது மழை பிடித்துக்கொண்டது. தோன்யா வண்டியிலேயே இருந்தார். நான் சுலாய்க்குக் குடை பிடித்து வாசல்வரை போனேன்.

வாசலுக்குள் இரண்டு சாக்கு மூட்டைகள் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தன. எலாதியோ ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போயிருந்த நேரத்தில் அவராகவே தடவித் தடவிக் கட்டியிருக்கிறார். நேற்று நாற்காலி இருந்த இடம் வெறும் தரை.

"எந்நேரத்துக்குக் கிளம்பணும்?" என்றார்.

"கிளம்ப வேணாம்."

"திங்கக்கிழமைதானா?"

"திங்கக்கிழமையும் வேணாம். எழுதிக் கொடுத்துட்டாங்க. நம்மளோடது."

அவர் உடனே எழவில்லை. மழைச் சத்தம் தகரத்தில் ஏறிக்கொண்டே போனது. பிறகு முடிச்சைத் தேடினார். இறுக்கிக் கட்டியிருந்ததால் அவிழவில்லை. நான் குனிந்து அவிழ்த்தேன்.

முதலில் ஒரு சட்டி வந்தது. அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அங்கே பலகையில் எங்கே வைப்பது என்று விரலால் பார்த்து வைத்தார். பிறகு தட்டு. சீப்பு. ரேடியோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை. உதவலாம் என்று நான் ஒரு விளக்கைக் கையில் எடுத்தேன். சுலாய் தலையசைத்து என்னைத் தடுத்தாள்.

"அவரே வைக்கணும்" என்றாள் மெதுவாக. "இல்லேன்னா அப்புறம் கிடைக்காது."

விளக்கை மூட்டைக்குள் திரும்ப வைத்தேன். வெளியே தோன்யா ஒருமுறை ஹார்ன் அடித்தார். பிறகு அடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் ஆனது. நான் வாசலில் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மனதில் என்ன ஓடியது என்று இப்போது கேட்டால், ஒன்றும் ஓடவில்லை. ஆனால் கடைசியாக எலாதியோ தன் தொப்பியை எடுத்து, சுவரில் ஆணியைத் தேடி, ஒருமுறை தவறவிட்டு, மறுமுறை மாட்டும்வரை எனக்குக் கிளம்பவும் தோன்றவில்லை.